பிழை திருத்திய மேகப்படம்

போடிநாயக்கனூரில் மேகத்துக்கென்று ஓர் ஆபீசு இருந்த விஷயம் இன்றைக்குப் பலருக்கு மறந்துபோயிருக்கும். மறந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜீப்பு ஸ்டாண்டுக்கு எதிரே ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியை வாடகைக்குப் பிடித்து, ‘மலைச்சரிவு மேக அறிவிப்பு நிலையம்’ என்று எழுபத்தாறாம் வருஷம் பலகை மாட்டினார்கள். மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிற கூலி ஜனங்கள் பெருமழையில் சிக்கிச் சாகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். நோக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை ஆபீசுக்குள் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைத்த பிறகுதான் எல்லா வம்பும் ஆரம்பித்தது.

சுருளிவேல் அங்கே மேகநோக்குநர். தற்காலிகம். அதற்கு முன்னால் அதே ஸ்டாண்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் லோடு சரிந்து இடுப்பில் விழுந்ததிலிருந்து பாரம் தூக்க முடியாமல் போனது. எட்டாவது வரை படித்திருந்ததாலும், அண்ணாந்து பார்ப்பதற்கு இடுப்பு தேவையில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததாலும் வேலை கிடைத்தது. விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று மேற்கே போடிமெட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே நிற்கும் மேகம் எந்த வகை என்று சுவரில் தொங்கும் படத்தோடு ஒப்பிட வேண்டும். ஆறு மணிக்குக் கொடி ஏற்ற வேண்டும். பச்சைக் கொடி என்றால் மலை ஏறலாம். சிவப்பு என்றால் பெருமழை வரும், ஏறக் கூடாது.

ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கு மலை தெரியாது. நாலு பக்கமும் கிட்டங்கிச் சுவர்தான். கொடிக்கம்பம் மட்டும் நன்றாகத் தெரியும். ஆறேகாலுக்கு ஜீப்புகள் புறப்படும் என்பதால் எல்லோரும் கழுத்தை வளைத்து அந்தக் கம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுருளிவேலின் மனைவி செல்லத்தாயும் அதில் ஒருத்தி. மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காய் பறிக்க, உக்கிரபாண்டி ஓட்டும் ஜீப்பில் தினமும் போகிறவள்.

வேலையில் சேருமுன் சுருளிவேலுக்கு மதுரையில் பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஜன்னல் சாத்திய அறை. கரும்பலகையில் வாத்தியார் மேகம் வரைவார், இவன் நோட்டில் வரைந்துகொள்வான். ஒன்பதாம் நாள் வெளியே இடி இடித்தது. “ஐயா, வெளியில நெசமான மேகம் நிக்கிதுபோல. ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துரட்டுமா?” என்று கேட்டான். வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “அது பரீட்சைக்கு வராது” என்றார்.

பயிற்சி முடிந்து வந்தபோது படமும் வந்திருந்தது. ஆள் உயரத்துக்கு வழவழப்பான தாளில் ஆறு மேகங்கள். உச்சியில் பஞ்சைப் பிய்த்துப் போட்ட மாதிரி ஒரு மெல்லிய கீற்று. அதற்குக் கீழே சின்னச் சின்னத் திட்டு. அப்படியே இறங்க இறங்கக் கனம் கூடிக் கடைசியில் ஆறாவது படத்தில் மலைமேல் மலை ஏறி நிற்கிற மாதிரி அடிவயிறு கறுத்த மேகம். வலது பக்கம் அதனதன் பெயரும் பலனும் வரிசையாக அச்சிட்டிருந்தது. அச்சாபீசில் அந்தப் பெயர் வரிசையைக் கீழிருந்து மேலாகக் கோத்துவிட்டார்கள். பஞ்சுக்கீற்றுக்கு நேரே ‘பெருங்கார்முகில்: கடும் மழை, சிவப்புக் கொடி’ என்று இருந்தது. கறுத்த மேகத்துக்கு நேரே ‘மென்கீற்று முகில்: நல்வானிலை, பச்சைக் கொடி’ என்று இருந்தது.

சுருளிவேல் இரண்டு தரம் வாசித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தரமும் வாசித்துவிட்டு நிலைய அதிகாரி வேலுச்சாமியிடம் போய் நின்றான். வேலுச்சாமி கெட்டவர் இல்லை. யாரையும் திட்ட மாட்டார், யாரிடமும் ஒரு காபி கூட வாங்கிக் குடிக்க மாட்டார். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் அவருக்குக் கண் தெரியும்.

“படம் தலைகீழா இருக்குங்கய்யா. கறுத்த மேகத்துக்குப் பச்சைக் கொடி போட்டிருக்கு.”

“படம் தலைகீழாக இல்லை, சுருளிவேல். ஆணி மேலேதான் இருக்கிறது.”

“பேரு மாறிப்போச்சுங்கய்யா. கறுத்துக் கெடந்தா மழை வரும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.”

“சின்னப் பிள்ளைக்குத் தெரிவதற்கு அரசாங்கம் ஏன் ஒரு நிலையம் அமைக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள். இதில் ஏழு பேர் கையெழுத்து இருக்கிறது. இரண்டாயிரம் பிரதி அடித்தாகிவிட்டது. மேகம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். படம் நிரந்தரம். நாம் எதைப் பின்பற்றுவது? உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் மனுவாக எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன்.”

சுருளிவேல் எழுதிக் கொடுத்தான். தன் வாழ்நாளில் அவன் செய்த பெரிய பாவம் அந்த மனு என்று அன்றைக்கு அவனுக்குத் தெரியாது.

முதல் மாதம் ஊர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பச்சைக் கொடியை நம்பி மேலே போனவர்கள் வெடவெடத்துத் திரும்பினார்கள். சிவப்பைப் பார்த்து வீட்டில் இருந்தவர்கள், பளிச்சென்று வெயில் அடிக்கிற மலையைப் பார்த்து ஒரு நாள் கூலியை நினைத்து வயிறு எரிந்தார்கள். இரண்டாம் மாதம் உக்கிரபாண்டிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தான்.

“ஏ மாப்ளே, உங்க ஆபீசு ஒரு நா கூடச் சரியாச் சொன்னதில்லடா” என்று சுருளிவேலின் தோளில் கை போட்டான். “எப்பவாச்சும் தப்பாச் சொல்ற ஆளை நம்ப முடியாது. எப்பவுமே தப்பாச் சொல்றவனைக் கண்ண மூடிக்கிட்டு நம்பலாம். இனிமே செவப்பு ஏறுனா ஜீப்பு ஏறும். பச்சை ஏறுனா வண்டி நிக்கும். அம்புட்டுத்தான்.”

அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு குறையும் இல்லை. சிவப்புக் கொடி ஏறினால் பெண்கள் மழைக்குத் தலையில் போடும் சாக்குக் கொங்காணியைக் கூட எடுத்துக்கொள்ளாமல் ஜீப்பில் ஏறினார்கள். பச்சை ஏறினால் ஒருத்தரும் நகர மாட்டார்கள், எஸ்டேட்டுக் கங்காணியே மெட்டிலிருந்து ஆள் அனுப்பி “இன்னைக்குப் பச்சையாம்ல, யாரும் வர வேண்டாம்” என்று சொல்லிவிடுவார். வாசலில் காய் உலர்த்துகிறவர்களும் கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்களும் கொடியைப் பார்த்துத்தான் செய்தார்கள். வானத்தைப் பார்க்கிற பழக்கமே ஊரில் விட்டுப்போயிற்று. எட்டு வருஷத்தில் பெருமழையில் ஒரு உயிர் போகவில்லை. நிலையத்தின் ஆண்டறிக்கையில் வேலுச்சாமி, ‘பொதுமக்கள் கொடியறிவிப்பை மிகுந்த கவனத்துடன் பின்பற்றுகின்றனர், உயிரிழப்பு இல்லை’ என்று எழுதினார். அதில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை.

ஒரே ஒரு சடங்கு பாக்கி இருந்தது. வேலுச்சாமி நிலையத்தில் இருக்கிற நாட்களில் கொடி ஏற்றினால் மட்டும் போதாது. சுருளிவேல் தகரக் குழலோடு ஸ்டாண்டுக்கு இறங்கிப் போய் அன்றைய அறிவிப்பை வாயாலும் சொல்ல வேண்டும். அதிகாரி பின்னால் கைகட்டி நின்று கேட்பார். சிவப்பு நாளில் சுருளிவேல் குழலைத் தூக்கி, “பெருமழை வரும், மலை ஏறாதீர்கள்” என்று கத்துவான். எல்லோரும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். செல்லத்தாய் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “மழை ரொம்பப் பெருசா இருக்குமாங்கய்யா?” என்று புருஷனிடமே கேட்பாள். “மிகப் பெரிதாக இருக்கும்” என்பான் சுருளிவேல். “அப்பச் சரிங்கய்யா” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அதிகாரி முகத்தைத் திருப்பும் நேரம் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவாள். சாயங்காலம் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள்.

ஒரு தரம் மதராஸிலிருந்து வந்த தணிக்கை அதிகாரி, சிவப்புக் கொடி பறக்கும்போதே ஜீப்புகள் மலை ஏறுவதைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டார். வேலுச்சாமி சற்றும் தடுமாறாமல், “எச்சரிக்கையை முழுமையாக உள்வாங்கிக்கொண்டு செல்கிறார்கள் ஐயா” என்றார். அதையும் வந்தவர் எழுதிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் மனு தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது. முதல் வருஷம், ‘பிழை இருப்பது படத்திலா மேகத்திலா எனத் தெளிவுபடுத்தவும்’ என்று ஒரு கடிதம் வந்தது. படத்தில் என்று எழுதினான். இரண்டாம் வருஷம், சம்பந்தப்பட்ட மேகத்தின் மாதிரி ஒன்றை இணைத்து அனுப்பச் சொன்னார்கள். ஸ்டுடியோக்காரரை மாடிக்கு ஏற்றிக் கறுத்த மேகம் ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினான். போட்டோவில் இருப்பது மேகம்தான் என்பதற்குத் தாசில்தார் சான்று வேண்டும் என்று திரும்பி வந்தது. தாசில்தார் நல்ல மனுஷன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டு, “இந்த மேகம் நம்ம எல்லையில நின்னுச்சா, கேரளா எல்லையிலயா?” என்று கேட்டார். மெட்டுக்கு மேலே நின்றது என்றான் சுருளிவேல். பாதி நம்முடையது, பாதி அவர்களுடையது என்றால் அங்கிருந்தும் ஒரு ஒப்புதல் வேண்டும் என்று பேனாவை மூடிவிட்டார். அந்த ஒப்புதல் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அது மலையாளத்தில் இருந்ததால் மொழிபெயர்க்க இன்னொரு வருஷம்.

“ஊருதான் புரிஞ்சுக்கிருச்சுல்ல மாமா. பெறகு என்னத்துக்கு அதைப் போட்டு நோண்டிக்கிட்டு? விட்டுத் தொலைங்க” என்றாள் செல்லத்தாய். அவள் சொன்னது நியாயமாகப் பட்டது. படம் திருந்தினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் முதல் தரமாக யோசித்தான். மறுநாளே, தன் மனுவைத் திரும்பப் பெறுவதாக ஒரு மனு எழுதிக் கொடுத்தான். பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டிருந்ததால் அதை நினைவூட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து கோப்பு வெரசாக நகர ஆரம்பித்தது.

எண்பத்துநாலாம் வருஷம் ஆடி மாதம். கீழே போடியில் புழுதிக் காற்று, மெட்டில் எந்நேரமும் சாரல். ஒரு செவ்வாய்க்கிழமை விடிவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் வழக்கம்போல ஒன்றாகப் புறப்பட்டார்கள். ஸ்டாண்டு வாசலில் அவள் நின்றுகொண்டாள், இவன் மாடி ஏறினான். வெளிச்சம் வந்ததும் மேற்கே பார்த்தான். மெட்டுக்குப் பின்னால் ஆறாவது படம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. எட்டு வருஷத்தில் அத்தனை உயரமாக, அத்தனை கறுப்பாக அவன் பார்த்ததில்லை. மெட்டை விட மூன்று பங்கு உயரம், அடிவயிறு ஈயம் மாதிரி. இதற்குக் கீழே யாரும் போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பச்சைக் கொடியை எடுத்துக் கயிற்றில் கட்டினான்.

அப்போது மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். வேலுச்சாமி மதுரையிலிருந்து ஆபீசு ஜீப்பில் நேரே வந்திருந்தார். கையில் சுருட்டிய தாள். இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து இவன் பார்த்ததில்லை, அன்று சிரித்தார்.

“சுருளிவேல், வாழ்த்துகள். உங்கள் மனு ஏற்கப்பட்டுவிட்டது.”

புதுப் படத்தைத் தானே ஆணியில் மாட்டினார். பெயர்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கறுத்த மேகத்துக்கு நேரே ‘பெருங்கார்முகில்: கடும் மழை, சிவப்புக் கொடி’. அதிகாரி மேற்கே பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி மேற்கே பார்த்தார். “எவ்வளவு பொருத்தமான மேகம்! முதல் நாளே. சிவப்பை ஏற்றுங்கள்.”

சுருளிவேல் கொடிக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டான். “ஐயா, இன்னைக்கு ஒரு நா மட்டும் பச்சையே இருக்கட்டுங்கய்யா. செவப்பு ஏத்துனா எல்லா ஜீப்பும் மேல போயிரும்.”

“சிவப்பு என்றால் போகக் கூடாது என்று பொருள்.”

“ஊருல யாருக்கும் அந்த அர்த்தம் கெடையாதுங்கய்யா. எட்டு வருசமாத் தலைகீழாத்தான் எடுத்துக்கிர்றாக.”

“அப்படி எனக்கு எழுத்துபூர்வமாக யாரும் தெரிவிக்கவில்லை.”

“சரிங்கய்யா. அப்ப நான் கீழ போயி, இன்னையில இருந்து ஆபீசு சரியாச் சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன். பெறகு ஏத்துவோம்.”

வேலுச்சாமி கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. “இன்றிலிருந்து சரியாகச் சொல்கிறோம் என்று அறிவித்தால், நேற்று வரைக்கும் என்ன செய்தோம் என்று கேட்பார்கள். எட்டு ஆண்டறிக்கை போயிருக்கிறது, சுருளிவேல். சட்டசபையில் வைத்திருக்கிறார்கள். பழைய படம் இருந்தபோது நான் சொன்னது சரி. புதுப் படம் வந்த பிறகு சொல்வதும் சரி. கண்ணெதிரே மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே பச்சைக் கொடி ஏற்றச் சொல்கிறீர்கள். அது பொதுமக்களை ஏமாற்றுவது. நான் ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன்.”

பச்சையை அவிழ்த்துச் சிவப்பை அவரே கட்டினார். அவரே ஏற்றினார். கீழே ஸ்டாண்டில் வண்டிகள் உறுமுகிற சத்தம் கேட்டது.

சுருளிவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் ஓடினான். “குழலை எடுத்துக்கொள்ளுங்கள்!” என்று சொல்லித் தகரக் குழலோடு வேலுச்சாமியும் பின்னாலேயே வந்தார். அவர் மட்டும் அன்று மதுரையிலேயே தங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

உக்கிரபாண்டியின் ஜீப்பில் பதினோரு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். செல்லத்தாய் பின்பக்கம், கால் வெளியே தொங்க, பக்கத்துவீட்டுக் கருத்தம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு.

“எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க! பெருமழை வருது, மேல போகாதீக!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பதினோரு பேரும் தலையாட்டினார்கள்.

“டேய் பாண்டி, வண்டிய அமத்துடா! நெசமாச் சொல்றேன்டா, மேகப் படத்தை மாத்திட்டாங்க!”

உக்கிரபாண்டி, சுருளிவேலின் பின்னால் நிற்கிற அதிகாரியைப் பார்த்தான். குழலை நீட்டிக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தான். “ஆகட்டும் மாப்ளே. நீ சொல்லிட்டேல்ல, பெறகென்ன” என்று கியரைப் போட்டான்.

சுருளிவேல் பின்பக்கம் ஓடிச் செல்லத்தாயின் கையைப் பிடித்து இழுத்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. “தாயி, எறங்குடி. நான் சொல்றேன்டி. ஆபீசு சொல்லல, நான் சொல்றேன்.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடி புருவம் சுருங்கியது. பிறகு அவன் தோளுக்கு மேலே வேலுச்சாமியைப் பார்த்தாள், அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை தத்ரூபமாக அவன் ஒரு நாளும் செய்ததில்லை.

“மழை ரொம்பப் பெருசா இருக்குமாங்கய்யா?” என்று கேட்டாள்.

சுருளிவேல் வாயைத் திறந்தான். இல்லை என்று சொன்னால் இறங்கிவிடுவாள். அது அவனுக்குப் புரிவதற்குள் பின்னாலிருந்து வேலுச்சாமி, கணீரென்று, “மிகப் பெரிதாக இருக்கும்” என்றார்.

“அப்பச் சரிங்கய்யா” என்றாள். மடியில் வைத்திருந்த சாக்குக் கொங்காணியை எடுத்து அவன் கையில் திணித்தாள். “இதை ஆபீசுல போட்டு வையி, வர்றப்ப வாங்கிக்கிர்றேன்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினாள். ஜீப்பு கிளம்பிவிட்டது. “இருக்காது, இருக்காது, மழையே இருக்காது!” என்று சுருளிவேல் அதன் பின்னால் கத்திக்கொண்டே ஓடினான். ஏழு ஜீப்புகளின் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. விழுந்தது வேலுச்சாமி காதில் மட்டும்தான். அறிவிப்புக்கு மாறான தகவலை வெளியிட்டதற்கு அவர் மத்தியானமே விளக்கம் கேட்டு அவன் பெயருக்கு ஒரு மெமோ எழுதிவைத்தார்.

மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் பஸ்சில் போய், மேலே மூட்டம் என்று செக்போஸ்ட்டில் பஸ்சை நிறுத்திவிட்டதால் அங்கிருந்து அவன் நடந்தான். மலை ஏறுகிறவனுக்கு மேகம் மேகமாகத் தெரியாது. முகத்தில் ஈரமும், நாலடிக்கு முன்னால் ஒன்றும் தெரியாத வெள்ளையும்தான். அதனால்தான் ஜீப்புக்காரர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. பதினோரு மணிக்கு மழை இறங்கியது. மழை என்று அதைச் சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். ரோடு ஆறாகி, வளைவுக்கு வளைவு மண் சரிந்து கிடந்தது. கைக்கு அகப்பட்ட புல்லைப் பிடித்துக்கொண்டு மேலே மேலே ஏறினான். கொங்காணியை அவன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை, இடுப்பில் கட்டியிருந்தான். அவளுக்கு வேண்டியிருக்குமே என்ற ஒரே நினைப்புதான்.

மழைக்கு ஒதுங்க உக்கிரபாண்டி ஜீப்பில் போனவர்கள் காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போயிருக்கிறார்கள். ஸ்டோருக்கு மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கிவிட்டது. மறுநாள் உச்சிப்பொழுதில் செல்லத்தாயை எடுத்தார்கள். கருத்தம்மாவின் தோளைப் பிடித்தபடிதான் இருந்தாள். கொங்காணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு அதையே போர்த்திவிட்டான். மற்ற ஆறு ஜீப்பில் போனவர்கள் வேறு எஸ்டேட்டுகளில் ஒதுங்கித் தப்பியிருந்தார்கள், இந்தப் பதினோரு பெண்களில் ஒருத்தி மிச்சமில்லை. ஜீப்பை வளைவில் நிறுத்தப் போன உக்கிரபாண்டி மட்டும் பிழைத்தான். அவன் அழவில்லை. “செவப்புதானடா மாப்ளே ஏறுச்சு, செவப்புதானடா ஏறுச்சு” என்று மண்ணைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அதே நேரத்தில் கீழே மேக ஆபீசில் வேலுச்சாமி மதராஸுக்குத் தந்தி கொடுத்துக்கொண்டிருந்தார். ‘கணிப்பு மெய்ப்பட்டது. மேகம் படத்துக்கு முழுமையாக ஒத்துழைத்தது.’

விசாரணைக் குழு ஒன்று வந்தது. மூன்று பேர், மூன்று பேருக்கும் தனித்தனிக் குடை. ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் மேசை போட்டுச் சுருளிவேலை உட்காரவைத்தார்கள்.

“சிவப்புக் கொடி ஏற்றப்பட்டதா?”

“ஏத்துனாங்கய்யா.”

“வாய்மொழி அறிவிப்பும் செய்தீர்களா?”

“செஞ்சேங்கய்யா.”

“இறந்தவர்களில் உங்கள் மனைவியும் ஒருவர். அவரிடம் தனியாகவும் சொன்னீர்களா?”

“கையப் பிடிச்சு இழுத்துச் சொன்னேங்கய்யா.”

“பிறகு அவர் ஏன் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை?”

“கேட்டாங்கய்யா. கேட்டதுனாலதான் போனா.”

நடுவில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார். “துக்கத்தில் இருக்கிறார்” என்றார் பக்கத்தில் இருப்பவர். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார்கள். உரிய எச்சரிக்கை கொடுத்தும் அதை மீறிச் சென்றதால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடையாது என்று முடிவாயிற்று. எச்சரிக்கையை மீறி வண்டி ஓட்டிய குற்றத்துக்கு உக்கிரபாண்டியின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். நிலையத்தின் மீது ஒரு குற்றமும் இல்லை என்பதோடு நிற்காமல், சரியான மேகத்தைச் சரியான நேரத்தில் அடையாளம் கண்டதற்குப் பாராட்டும் தெரிவித்தார்கள்.

அந்தப் பாராட்டுக்கு ஒரு விழா. ஸ்டாண்டில்தான் பந்தல் போட்டார்கள், அன்று ஜீப்பு ஓடவில்லை. மதராஸிலிருந்து இயக்குநர் வந்திருந்தார். மாலை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார்.

“இத்தனை ஆண்டுகளும் சரியாகவே இருந்துவந்த நமது கணிப்பு இம்முறை மேலும் சரியாக இருந்திருக்கிறது. இழப்பு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் நாம் சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதை விடச் சிறந்த சான்று ஏது? இந்தப் பதினோரு சகோதரிகளும் நமது துறையின் மீதான நம்பிக்கையை உயிரைக் கொடுத்து நிலைநாட்டியிருக்கிறார்கள். பிழையான படத்தை எட்டே ஆண்டுகளில் திருத்திக் காட்டிய துறை வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்?”

வேலுச்சாமி எழுந்து நின்று கைதட்டினார். எதிரே பெஞ்சில் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர்களும் ஆத்தாவைப் பறிகொடுத்தவர்களும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பத்தை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாழ்த்து மடலை வாங்கச் சுருளிவேலை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்டு, பிரேம் அடித்து, ஓரத்தில் ஆறு மேகமும் வரைந்திருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை முன்னால் நகர்த்திவைத்தார் இயக்குநர்.

சுருளிவேல் மடலைக் கவிழ்த்து வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தான்.

“எட்டு வருசம் தப்பாச் சொன்னோம்யா” என்றான். “ஒரு உசுரு போகல. ஒரு நா சரியாச் சொன்னோம். எம் பொண்டாட்டி போயிட்டா. அவளோட இந்தப் பத்து வீட்டுக்காரிகளும் போயிட்டாக. அந்தக் காயிதத்தை எழுதிப் போட்டது நான்தேன். நான் பொய்யாச் சொல்லியிருந்தா அவ எறங்கியிருப்பாய்யா. இல்லைங்கிற ஒரு சொல்லு. ஒரு சொல்லு எனக்கு வாயில வரல.”

முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இயக்குநர் எழுந்து வந்து அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிறது என்று வேலுச்சாமியிடம் சொன்னார்.

விழா நடவடிக்கைக் குறிப்பு மறுநாள் காலையில் தட்டச்சாகி வந்தது. ஐந்தாவது பத்தியில் இப்படி இருந்தது: ‘பாராட்டுப் பெற்ற தற்காலிக மேகநோக்குநர் திரு. சுருளிவேல், துறையின் கணிப்பு சரியாக இருந்தது என்பதை உறுதிசெய்து, மிகுந்த நெகிழ்ச்சியுடன் நன்றி தெரிவித்தார்.’